தடமும் புகையும்: மாநகரப் பேருந்து பற்றிய 6 நம்பிக்கைகள்

சென்னையின் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பின் பேருந்து நிறுத்தத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் பெண்கள். தோளில் துணிப்பை, அதற்குள் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை, அலுவலகங்களில் துப்புரவு வேலை. நகரத்துக்குள் இருந்த குடிசையை இழந்து இங்கே குடியேற்றப்பட்டவர்களுக்கு வீடு மாறியது, வேலை மாறவில்லை. இரண்டையும் இணைத்துப் பிடித்திருப்பது பேருந்து மட்டும்தான்.

2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதற்கு முன் ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120. புது வண்டி எப்படி இருக்கிறது என்று நிறுத்தத்தில் ஓர் அக்காவிடம் கேட்டேன். "கரண்டு பஸ்ஸு நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் ஏறுற எடத்துல நிக்குமா, அடுத்தது எப்ப வரும், அதச் சொல்லு" என்றார்.

புகையைக் குறைப்பது ஒரு துறையின் வேலை, தடம் போடுவது இன்னொரு துறையின் வேலை என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அக்காவின் கேள்வி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. நிறுத்தத்திலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் 6 நம்பிக்கைகளை அந்தக் கேள்வியோடு வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தடத்தை மாற்றுகிறார்கள் என்றால் வண்டியைக் குறைக்கப் போகிறார்கள்.

உண்மை: குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம். கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போய்வர 3 மணி நேரம் பிடிக்கும் நீண்ட தடத்தில் 6 வண்டிகள் ஓடினால், நிறுத்தத்தில் நிற்பவருக்கு 30 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிடைக்கும். அதே 6 வண்டிகளைப் போய்வர 1 மணி நேரம் ஆகும் தடத்தில் விட்டால் 10 நிமிடத்துக்கு ஒன்று. ஒரு வண்டிகூடப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மீதித் தூரத்துக்கு என்ன செய்வது? அங்கே வேறு வசதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. அதற்கு இணையாகவே ஜி.எஸ்.டி. சாலையில் நீண்ட தூரப் பேருந்துகளும் நெரிசலில் ஊர்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை பம்மலிலிருந்து பல்லாவரம் நிலையத்துக்கும், மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் நிலையத்துக்கும் அடிக்கடி ஓடும் இணைப்பு வண்டிகளாக மாற்றினால் ரயிலும் பயன்படும், பேருந்தும் பயன்படும்.

எச்சரிக்கையும் தேவை. தடத்தைச் சுருக்கியதில் மிச்சமான வண்டிகள் திரும்பச் சாலைக்கு வராமல் பணிமனையிலேயே நின்றுவிட்டால், அது மாற்றம் அல்ல, வெட்டுதான். "மிச்சப்பட்ட வண்டி எந்தத் தடத்துக்குப் போகிறது?" என்று கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு.

நம்பிக்கை 2: அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு 3 வண்டிகள் சேர்ந்து வருவது ஓட்டுநர்கள் பேசிவைத்துச் செய்வது.

உண்மை: பணிமனையிலிருந்து இடைவெளி விட்டுத்தான் கிளம்புகிறார்கள். முதல் வண்டி ஒரு சிக்னலில் 4 நிமிடம் மாட்டுகிறது என்று வையுங்கள். அடுத்த நிறுத்தத்தில் அந்த 4 நிமிடத்துக்கான கூட்டம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்க நேரமாகும். அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் தாமதம், இன்னும் கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆள் இருக்காது. அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். முன் வண்டியில் படியில் தொங்குவார்கள், பின் வண்டியில் இருக்கைகள் காலியாக இருக்கும். டீசல் மட்டும் இரண்டிலும் எரியும்.

தடம் நீள நீள இந்தக் கோளாறு முற்றும். தடத்தை அளவாக வைப்பது, நெரிசல் சாலையில் பேருந்துக்கென்று தனிப் பாதை விடுவது, இடையில் உள்ள நிலையத்தில் நேரக் காப்பாளர் வண்டியைச் சற்று நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்வது ஆகியவைதான் மருந்து. பழியை ஓட்டுநர் தலையில் போட்டால் நோய் தீராது.

நம்பிக்கை 3: நேரடி வண்டிதான் வசதி, மாறி ஏறுவது என்றாலே தொல்லை.

உண்மை: மாறும் இடம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நேரடி வண்டிக்காக 40 நிமிடம் வெயிலில் நிற்பதைவிட, உடனே கிடைக்கும் வண்டியில் ஏறி நடுவில் 5 நிமிடம் காத்திருந்து மாறுவது விரைவானது. ஆனால் இறங்கும் நிறுத்தம் ஒரு மூலையில், ஏறும் நிறுத்தம் அகலமான சாலைக்கு அந்தப் பக்கம், நடுவில் தடுப்பு, மேலே நிழல் இல்லை, மறுபடியும் புது டிக்கெட் என்றால் மக்கள் வெறுப்பது நியாயமே. கைக்குழந்தையோடு வருபவருக்கும் முழங்கால் வலியோடு வரும் முதியவருக்கும் அது தண்டனை.

தென்கொரியாவின் சோல் நகரம் 2004 ஜூலை 1 அன்று தன் பேருந்துத் தட அமைப்பையே ஒரே நாளில் மாற்றியது. வண்டிகளுக்கு நிறம் பிரித்தார்கள். பேருந்திலிருந்து பேருந்துக்கோ சுரங்க ரயிலுக்கோ மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம் என்று வைத்தார்கள். முதல் நாட்களில் பெருங்குழப்பம், மேயரே மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் திட்டம் நிலைத்தது. மாறி ஏறுவதற்குத் தனியாகப் பணம் பிடுங்காததே அதற்கு முக்கியக் காரணம்.

சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் ஒரே டிக்கெட் என்பது வேறு, ஒரே கட்டணம் என்பது வேறு. இரண்டாவதும் வந்தால்தான் தட மாற்றத்தை மக்கள் மனதார ஏற்பார்கள்.

நம் ஊரிலேயே ஒரு பாடமும் இருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்ட வண்டிகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. முனையம் தயாராக இருந்தது, அதன் வாசலில் ரயில் நிலையம் தயாராக இல்லை. வடசென்னைக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்ட அலைச்சல் அதனால் வந்தது. இணைப்பு முதலில், இடமாற்றம் பிறகு. இந்த வரிசை தப்பக் கூடாது.

நம்பிக்கை 4: மின்சாரப் பேருந்து வந்துவிட்டால் புகை ஒழிந்தது.

உண்மை: சாலையில் புகை இல்லை என்பது முழு உண்மை. அது சிறிய விஷயமும் அல்ல. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை மிக அருகிலிருந்து சுவாசிப்பவர்கள் நிறுத்தத்தில் நிற்பவர்களும் நடத்துநர்களும் சாலையோரத்தில் பூ விற்பவர்களும்தான். அவர்களுக்கு இது அன்றைக்கே கிடைக்கும் விடுதலை.

கரியமில வாயுவின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளிவரும். நின்று நின்று ஓடும் நகரப் பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு 670 கிராம். மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் வரை எடுக்கும். இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியாகிறது, ஏனென்றால் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. டீசலை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும்போது ஏற்படும் புகையையும் சேர்த்தால் இன்றைக்கு இரண்டும் ஏறக்குறையச் சமம்.

அண்ணா சாலையில் இல்லாத புகை எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியே வெளியேறினால், அங்கே வாழ்பவர்களும் நம் மக்கள்தான். ஆகவே மின்பேருந்தோடு காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேர்ந்து வளர வேண்டும். முப்பந்தலும் கயத்தாறும் உள்ள மாநிலத்துக்கு இது எட்டாத காரியமல்ல. வெயில் கொட்டும் நண்பகலில், ஓட்டம் குறையும் நேரத்தில் முனையங்களிலேயே சார்ஜ் ஏற்றும்படி நேர அட்டவணை போட்டால் ஒவ்வொரு யூனிட்டும் இன்னும் தூய்மையாகும். இதுவும் தடம் போடுபவரின் மேசையில் முடிவாகும் விஷயம்.

நம்பிக்கை 5: டீசல் பேருந்து எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி நடைமுறையில் உள்ளது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கனரக எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, அது தரும் ஒரு யூனிட் ஆற்றலுக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமானது. கரித்துகளைப் பிடிக்க வடிகட்டியும் வந்தது. எனவே புது மின்பேருந்து வரும்போது பணிமனையில் முதலில் ஓய்வு பெற வேண்டியது ஆகப் பழைய வண்டி. ஒரு தெருவின் காற்றைக் கெடுக்க அப்படி ஒரு வண்டி போதும்.

நம்பிக்கை 6: கூட்டமில்லாத தடம் வீண், நிறுத்திவிடலாம்.

உண்மை: பாதி சரி, பாதி ஆபத்து. சரியான பாதியை முதலில் சொல்கிறேன். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பைக், கிலோமீட்டருக்கு 51 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. 670 கிராம் விடும் பேருந்தில் 13 பேர் இருந்தால்தான் தலைக்கு அந்தப் பைக்குக்குச் சமம். 50 பேர் ஏறினால் தலைக்குக் கால் பங்கு. ஆள் ஏறாத வண்டி, பேட்டரியில் ஓடினாலும், எதையும் குறைக்கவில்லை.

மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. இயக்கும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம், டிக்கெட் வசூல் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு. வண்டி காலியாக ஓடினாலும் கழகம் பணம் தந்தாக வேண்டும். எனவே எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்ற தீர்மானத்தின் பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

இனி ஆபத்தான பாதி. ஏன் கூட்டமில்லை? ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி, அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது என்றால் யார் காத்திருப்பார்கள்? தவணையில் பைக் வாங்கிவிடுவார்கள். பிறகு "கூட்டமில்லை" என்று அந்த ஒரு வண்டியும் நிற்கும். இன்னொன்று: விடிகாலை முதல் நடையில் 12 பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்த 12 பேருக்கும் வேறு வழியே இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தட மாற்றத்தின்போது சாதாரண வண்டியை எடுத்துவிட்டுக் கட்டணம் கூடிய வண்டியை விட்டால், வரைபடத்தில் தடம் இருக்கும், அந்தப் பெண்களின் கையில் பயணம் இருக்காது. சில தடங்களை வசூலுக்காக ஓட்டுகிறோம், சில தடங்களைக் கடமையாக ஓட்டுகிறோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

ஆகவே தட மாற்றம் அறிவிக்கப்படும்போது எதிர்ப்பதற்கும் கைதட்டுவதற்கும் முன்னால் நாம் கேட்க வேண்டியவை இவை. அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில்? மாறும் இடத்தில் நிழல் உண்டா, சாலையைக் கடக்க வழி உண்டா? மறுபடியும் டிக்கெட்டா? சாதாரணக் கட்டண வண்டி தொடருமா? முதல் நடையும் கடைசி நடையும் எப்போது? இவற்றுக்குச் சரியான பதில் கிடைக்கும் ஊரில் ஒருவர் பைக்கை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவார். பெரும்பாக்கத்து அக்கா கேட்டதும் இதைத்தான். அவருக்குச் சொல்லும் பதிலில்தான் நகரத்தின் புகை குறையத் தொடங்குகிறது.