ஓரிடம், இருவர்

நாற்காலி ஒன்றுக்கு இருவர் உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். கிரிக்கெட் அணியில் ஓரிடத்துக்கு இருவர் உரிமை கொண்டாடினாலோ, ஊரே நீதிமன்றமாகிவிடும். தேநீர்க் கடையில் வழக்கு நடக்கும்; விடுதித் தாழ்வாரத்தில் வாதம் நடக்கும்; சாட்சிகள் உரக்கக் கூவுவர்; தீர்ப்பு மட்டும் வராது. இவ்வளவு நேரம் பேசியும் ஏன் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை? பேசும் முறையில் எங்கோ ஒரு குறை இருக்கிறது. அக்குறை எது என்பதை ஒரு பழைய வழக்கின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழக்கு ஏன்? இன்றைய வழக்கில் நாமே கட்சிக்காரர்கள். கட்சிக்காரர் நீதிபதியாக அமர்வது முறையன்று. சூடு ஆறிய வழக்காயின், சோதனைச் சாலையில் ஒரு பொருளைப் பார்ப்பதுபோல் பதற்றமின்றிப் பார்க்கலாம்.

நம் குப்பம் அமைந்திருக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆந்திர மாநிலத்தின் மூலையில், ஒரு புறம் தமிழ்நாடும் மறு புறம் கருநாடகமும் நெருங்கி நிற்க, சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் நம் ஊர் இருக்கிறது. ஒரு திசையில் இரயில் ஏறினால் பெங்களூர். மறு திசையில் ஏறினால் சென்னை. நான் எடுத்துக்கொண்ட வழக்கும் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நடந்ததுதான். பெங்களூர் எரபள்ளி பிரசன்னாவா? சென்னை வெங்கட்ராகவனா?

வழக்கின் வரலாறு

1960களிலும் 1970களிலும் இந்தியாவின் சுழற்பந்து நால்வரை உலகம் அறிந்திருந்தது. பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன் ஆகிய இந்நால்வரும் டெஸ்டு ஆட்டங்களில் எடுத்த விக்கெட்டுகள் மொத்தம் 853. ஆயினும் நால்வரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடிய டெஸ்டு ஒன்றே ஒன்றுதான். அது 1967இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்தது. இந்தியா 132 ஓட்டங்களில் தோற்றது. மற்ற நாட்களில் நால்வருள் ஒருவரேனும் வெளியே இருந்தாக வேண்டும்.

பேடி இடக்கைச் சுழற்பந்தாளர். சந்திரசேகர் லெக் ஸ்பின் வீசியவர். இவ்விருவருக்கும் தம் வகையில் போட்டியில்லை. பிரசன்னாவும் வெங்கட்டும் மட்டுமே ஒரே வகையினர். இருவரும் வலக்கை ஆப் ஸ்பின் வீசுபவர்கள். ஆகவே இடிபாடு இவர்களுக்குள்தான் நேர்ந்தது.

பிரசன்னா 1940இல் பிறந்தவர். 1962 ஜனவரியில், சென்னையில், இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்டு ஆடினார். பின்னர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் டெஸ்டுப் பக்கம் வராமல் பொறியியற் படிப்பை முடித்து, 1967இல் திரும்பினார். அவர் இல்லாத அந்த இடைவெளியில், 1965இல், கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவராகிய வெங்கட்ராகவன் நுழைந்தார். அவ்வாண்டு டில்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஓர் இன்னிங்சில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். ஆட்டம் முழுவதிலும் 12 விக்கெட். வயதோ இருபது நிரம்பவில்லை. ஆக, ஓரிடத்துக்குப் போட்டியிட்ட இருவருமே பொறியியல் கற்றவர்கள். மாணவர்களாகிய நாம் இதனை மகிழ்ச்சியோடு நினைவிற் கொள்ளலாம்.

இருவர் கலை

ஒரே வகைப் பந்துதான்; ஆனால் வீசிய விதம் வேறு. பிரசன்னா குள்ளமானவர். பந்தை மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலே மிதக்கவிட்டு வீசுவார். முன்னோக்கிச் சுழன்றபடி செல்லும் பந்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் காற்றை ஒரே விதமாகக் கடப்பதில்லை. அதனால் பந்தைக் கீழ்நோக்கி அழுத்தும் ஒரு விசை பிறக்கிறது. இதனை மாக்னஸ் விளைவு என்று பௌதிக நூல்கள் கூறும். அரைவட்டமாய் வரும் என்று மட்டையாளர் கணக்கிட்ட பந்து, அவர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்னரே சட்டென்று தாழ்ந்து தரையைத் தொடும். காலை முன்னே வைத்தவர் ஏமாந்து நிற்பார்.

வெங்கட் உயரமானவர். கையை உயர்த்திச் சற்று விரைவாகவும் தட்டையாகவும் வீசுவார். உயரத்திலிருந்து இறங்கும் பந்து தரையில் பட்டபின் உயர்ந்தெழும். குறி தவறுவது அரிது. முன்னவர் மட்டையாளரை ஆசை காட்டி அழைப்பார்; பின்னவர் வழியடைத்து நெருக்குவார்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இனி எண்களைப் பார்ப்போம். பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட், சராசரி 30.38. வெங்கட் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட், சராசரி 36.11. இதை வேறு விதமாகவும் சொல்லலாம். ஆறு பந்து ஓவராகக் கணக்கிட்டால், நூறு ஓவர்களில் பிரசன்னா 240 ஓட்டங்கள் கொடுத்து ஏறக்குறைய 8 விக்கெட் எடுத்திருக்கிறார். வெங்கட் 227 ஓட்டங்கள் கொடுத்து ஏறக்குறைய 6 விக்கெட் எடுத்திருக்கிறார். விக்கெட் எடுப்பதில் பிரசன்னா முந்துகிறார். ஓட்டத்தைக் கட்டுவதில் வெங்கட் சற்று முந்துகிறார்.

சென்னைக்காரர் உடனே சொல்வார்: “வெங்கட் மட்டையும் பிடிப்பார்!” சோதித்துப் பார்ப்போம். மட்டையாட்டச் சராசரி வெங்கட்டுக்கு 11.68, பிரசன்னாவுக்கு 11.48. வேறுபாடு ஓர் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு! இந்த வாதம் நிற்காது. “வெங்கட் நல்ல பீல்டர்” என்பது அடுத்த வாதம். 57 டெஸ்டுகளில் அவர் பிடித்த காட்சுகள் 44. பிரசன்னா 49 டெஸ்டுகளில் 18. ஓர் ஆட்டத்துக்கு இரு மடங்குக்கும் மேல். இந்த வாதம் நிற்கிறது. “வெங்கட் வயதான பிறகும் ஆடினார், அதனால்தான் சராசரி கெட்டது” என்பது மூன்றாவது. பிரசன்னா கடைசி டெஸ்டை 1978இலும், வெங்கட் 1983இலும் ஆடினர். பிறந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால் இருவருக்கும் அப்போது வயது 38! இதுவும் நிற்காது.

உரக்கச் சொல்லப்படும் மூன்று வாதங்களுள் எண்களின் முன் நின்றது ஒன்று மட்டுமே. சொல்பவர் குரலை வைத்து இதனைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

ஆனால் எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆடிய ஆட்டத்தைத்தான் எண் அளக்கும். ஆடாத ஆட்டத்தை எந்த எண்ணும் அளக்காது. 1971இல் இங்கிலாந்து சென்ற அணியில் பிரசன்னா இருந்தார். ஆனால் ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை. அங்கு அவர் எத்தனை விக்கெட் எடுத்திருப்பார்? இக்கேள்விக்கு விடையாக யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அது கற்பனையே.

இடத்துக்கு ஒரு வேலை உண்டு

இப்போது வழக்கின் நடுவுக்கு வருகிறோம். 1967-68இல் பிரசன்னா ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டுகளில் 25 விக்கெட்டும், நியூசிலாந்தில் நான்கு டெஸ்டுகளில் 24 விக்கெட்டும் எடுத்தார். நியூசிலாந்தில் இந்தியா 3-1 என்று வென்றது. அந்நிய மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்டுத் தொடர் அது. அன்றைய அணிக்கு, விக்கெட்டைத் தேடிப் போய் எடுக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலைக்குப் பிரசன்னாவைவிடப் பொருத்தமானவர் யார்?

1971க்கு வாருங்கள். அஜித் வடேகர் அணித் தலைவர். வெங்கட் துணைத் தலைவர். மேற்கிந்தியத் தீவுகளில் வெங்கட் 22 விக்கெட் எடுத்தார். போர்ட் ஆப் ஸ்பெயின் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்சில் 95 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அந்த ஆட்டத்தில்தான் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலாக வென்றது. அடுத்து இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகளில் 13 விக்கெட். ஆகஸ்டு 24ஆம் நாள் ஓவல் மைதானத்தில் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் சாய்க்க, இந்தியா அந்நாட்டில் தன் முதல் வெற்றியைக் கண்டது. ஒரு முனையில் சந்திரசேகரும் மறு முனையில் பேடியும் தாக்கும்போது, மூன்றாமவர் ஓட்டத்தைக் கட்ட வேண்டும். மட்டைக்கு அருகில் எழும் காட்சுகளைப் பிடிக்க வேண்டும். மேலே நாம் கண்ட 227 என்ற எண்ணும் 44 என்ற எண்ணும் இப்போதுதான் பொருள் பெறுகின்றன.

ஆகவே, “இருவருள் சிறந்தவர் யார்?” என்ற கேள்வியே முழுமையற்றது. எந்த வேலைக்கு? எந்த மண்ணில்? உடன் வீசுபவர் யார்? இவற்றைச் சொல்லாமல் கேட்பது, அலகைச் சொல்லாமல் அளவைச் சொல்வது போன்றது. “நீளம் ஐந்து” என்றால் ஐந்து என்ன? அடியா, மீட்டரா? திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஆளை ஆராய்வது ஒன்று. ஆராய்ந்தவரை வேலையில் அமர்த்துவது மற்றொன்று. நம் விடுதி வாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

வேலை மாறினால் இடமும் மாறும். 1974 டிசம்பரில் டில்லி டெஸ்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய வெங்கட், அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாம் ஆளாக இருந்தார். அதற்கடுத்து, 1975 ஜனவரியில், வெங்கட்டின் சொந்த ஊரான சென்னையில், சேப்பாக்கத்தில், பிரசன்னா 9 விக்கெட் எடுத்தார். மற்றொரு கருநாடக வீரராகிய விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 100 ஓட்டங்களில் வென்றது.

மூன்றாம் மனிதர்

இரசிகர் குரலுக்கு வலிமை உண்டா? உண்டு. 1969இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டுக்கு முதலில் தேர்ந்த அணியில் வெங்கட் பெயர் இல்லை. பெருங் கண்டனம் எழுந்தது. முடிவில் வங்காளத்து வேகப்பந்தாளர் சுப்ரதோ குஹா விலகி வழிவிட, வெங்கட் சேர்க்கப்பட்டார். அதே ஆட்டத்தில் வெங்கட்டுக்கு நடுவர் அவுட் கொடுத்ததன்மேல் மைதானத்தில் கலகமே மூண்டது.

அந்தத் தொடரில் பிரசன்னா 26 விக்கெட் எடுத்தார், வெங்கட்டும் ஆடினார். பெங்களூரும் சென்னையும் மகிழ்ந்தன. குஹா? அவர் வாழ்நாளில் ஆடிய டெஸ்டுகள் நான்கே. வாதாடும் இரு கட்சியாரும் தம் ஆளைப் பற்றியே பேசுவர்; இடத்தை விட்டுக்கொடுத்த மூன்றாம் மனிதரை நினைப்பதில்லை. அணியில் இடங்கள் பதினொன்றே. ஒருவரைச் சேர் என்று கூவும்போதே, இன்னொருவரை நீக்கு என்றும் கூவுகிறோம். நீக்கப்படுபவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் துணிவு வாதாடுபவருக்கு வேண்டும்.

நம் காலத்து வழக்கு

இந்தப் பாடத்தை இப்போது நம் காலத்துக்குப் பொருத்துவோம். 2023 ஜூனில், ஓவலில், உலக டெஸ்டு இறுதி ஆட்டம். விசாகப்பட்டினத்து ஸ்ரீகர் பரத் விக்கெட் காப்பாளராக இடம் பெற்றார். சென்னை அசுவினுக்கு இடமில்லை. தெலுங்கு நண்பருக்கு மகிழ்ச்சியும் தமிழ் நண்பருக்கு வருத்தமும் ஒரே பட்டியலில் வந்தன! அப்போது டெஸ்டுப் பந்துவீச்சாளர் தரவரிசையில் அசுவின்தான் முதலாமவர். ஆஸ்திரேலிய அணியில் ஐவர் இடக்கை மட்டையாளர்கள். இந்தியா நான்கு வேகப்பந்தாளரோடும் ஜடேஜாவோடும் இறங்கி, 209 ஓட்டங்களில் தோற்றது. “பார்த்தீர்களா!” என்றோம் நாம்.

ஆனால் அதே ஓவலில், 2021 செப்டம்பரில், அசுவின் இல்லாமலே இந்தியா இங்கிலாந்தை 157 ஓட்டங்களில் வென்றிருந்தது. தோல்வியைச் சான்றாகக் காட்டுபவர் இந்த வெற்றியையும் காட்ட வேண்டுமல்லவா? தேர்வு சரியா தவறா என்பதை, ஆட்டம் முடிந்தபின் வந்த முடிவைக் கொண்டு அளக்கலாகாது. நாணயம் சுண்டும் நேரத்தில் தெரிந்திருந்த செய்திகளைக் கொண்டே அளக்க வேண்டும். ஐந்து இடக்கை மட்டையாளர் என்பது அந்நேரமே தெரிந்த செய்தி. ஆகவே அது வாதம். 209 என்பது பின்னர் வந்த செய்தி. ஆகவே அது வாதமன்று. அசுவினை எடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆயினும் அதற்கு நான் காட்டும் சான்று முன்னதுதான், பின்னதன்று.

பிற மாநிலத்தில் வந்து வாழ்ந்து படிக்கும் நமக்கு, நம் ஊர்க்காரர் ஒருவரை வெளியே நிறுத்தினால் நம்மையே வெளியே நிறுத்தியதுபோல ஒரு வலி உண்டாகிறது. அந்த வலி பொய்யன்று. அதற்காக நாணவும் வேண்டா. ஆனால் வலி சான்றாகாது. வலியைச் சான்றாக்கினால், “எங்கள் ஆள்” என்று தொடங்கிய பேச்சு “உங்கள் ஆட்கள்” என்று மாறி, கிரிக்கெட்டை விட்டு வேறெங்கோ போய் நிற்கும். ஒரே உணவுக்கூடத்தில் மூன்று மொழியினர் உண்ணும் இடத்தில் அது நல்லதன்று.

எனவே நண்பர்களே, அடுத்த முறை அணி அறிவிக்கப்படும்போது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தின் வேலை என்ன? அவ்வேலையைக் காட்டும் எண் எது? ஆட்டம் தொடங்குமுன் தெரிந்திருந்தது எது? நம் ஆளுக்காக வெளியேற வேண்டியவர் யார்? நான்குக்கும் விடை சொன்னபின் “எங்கள் ஆள்தான்” என்று மேசையைத் தட்டலாம். அப்போது எதிரில் இருக்கும் கன்னட நண்பரும் தெலுங்கு நண்பரும் காது கொடுத்துக் கேட்பார்கள்.