கல்லுக்கு மருந்து பூசும் முன்

அன்புத் தம்பிக்கு,

காஞ்சி கைலாசநாதர் கோயில் மணற்கல்லை உறுதிப்படுத்தும் மருந்துகளைச் சோதிக்கப் போகிறாய் என்று அறிந்தேன். பொறுப்பான வேலை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கோயில் அது. அடித்தளக் கருங்கல் இன்றும் திடமாக நிற்கிறது. அதன்மேல் எழுந்த மணற்கல்லோ பல இடங்களில் அரித்து, சிற்பங்களின் முகமே தேய்ந்துபோயிருக்கிறது.

எத்தில் சிலிகேட் என்ற மருந்தில்தான் தொடங்குவாய். மணற்கல்லுக்கு அது பொருந்தும். தண்ணீரைப் போல உள்ளே இறங்கி, ஈரத்தோடு வினைபுரியும். ஆல்கஹால் ஆவியாகிப் போக, மணல்துகள்களுக்கு நடுவே சிலிக்கா தங்கிவிடும். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கல் அரித்தபோது, 1861லேயே ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் இந்த யோசனையைச் சொன்னார். ஆனால் அந்தக் கட்டடத்தின் கல் மக்னீசியச் சுண்ணாம்புக்கல். சிலிக்கா அந்த வகைக் கல்லில் சரியாகப் பிடிக்காது. எந்தக் கல் என்று உறுதிசெய்யாமல் டின்னைத் திறக்காதே.

புதிதாக வெட்டிய கல்லில் சோதித்துவிட்டு முடிவு சொல்லாதே. நல்ல கல் மருந்தை அதிகம் குடிக்காது. நைந்த கல் குடித்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்து விழுந்த துண்டுகளை முறையான அனுமதியோடு கேட்டு வாங்கு. முதலில் உப்பு இருக்கிறதா பார். இருந்தால் காகிதக் கூழால் பத்துப் போட்டு உறிஞ்சி எடு. உப்பின்மேலேயே பூசினால் அது உள்ளே சிக்கிக்கொண்டு, பூசிய பரப்பையே பெயர்த்துத் தள்ளும்.

வலிமை எத்தனை மடங்கு கூடியது என்ற எண்ணில் மயங்காதே. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 5 மி.மீ. டிரில்லை ஒரே வேகத்தில் இறக்கி, உள்ளே போகப் போகக் கல் எவ்வளவு எதிர்க்கிறது என்று பதிவுசெய். மேலே இரண்டு மில்லிமீட்டர் இறுகி, அதற்குக் கீழே மாவாகவே இருந்தால் அந்த மருந்து தோல்வி. என்னைக் கேட்டால், பூசாமல் விட்டதைவிட மோசம். இறுகிய தோல் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒருவிதமாக விரியும், கீழே உள்ளது வேறுவிதமாக விரியும். ஒருநாள் செதுக்கிய பரப்பு முழுதும் பாளமாகக் கழன்று விழும். மேற்பரப்பிலிருந்து உள்ளே நல்ல கல் வரைக்கும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தால் போதும்.

கல் எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்று பார்க்க, கார்ஸ்டன் குழாயைக் கல்லில் ஒட்டி, தண்ணீர் ஊற்றி, நிமிடத்துக்கு நிமிடம் மட்டம் இறங்குவதையும் குறித்துக்கொள். பூசிய பின் சில வாரங்களுக்கு, சில சமயம் மாதக்கணக்கில்கூட, கல் தண்ணீரை ஒட்டவிடாது. அதை வெற்றி என்று எழுதிவிடாதே. வினை முடிந்தபின் அளப்பதுதான் கணக்கு.

சித்திரை வெயிலில் பூசினால் உள்ளே இறங்குமுன் ஆவியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின், தை மாசிக் காலைகளில் நிழல் பக்கமாகச் செய்.

இந்த மருந்தைப் பூசிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் கோயில் சுவரில் கைவைக்கும் முன், பூசிய துண்டையும் பூசாத துண்டையும் அருகருகே திறந்தவெளியில் வைத்துச் சில மழைக்காலங்களாவது கவனி. தோற்ற சோதனைகளையும் தேதி, வெப்பநிலை, அளவோடு வெளியிடு. உனக்குப் பின் வருகிறவர்கள் அதே தவறான மருந்தை அதே கல்லில் பூசாமலிருக்க அது ஒன்றே வழி.

அன்புடன்,
உன் மூத்த சகா