அமெரிக்கா போய் வந்தால் மனம் மாறிவிடுமா?

சாத்தூர், சிவகாசிப் பக்கம் பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் வீடுகளில் சில நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. அவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: அங்கே படித்தவர் ஊரை மறந்துவிடுவார்.

உண்மை: மறுப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. விருதுநகர் தாண்டி, டி.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, பம்பாயில் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்கா சென்று சிரக்யூஸில் வணிக நிர்வாகமும் கொலம்பியாவில் பொது நிதியும் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஒரு தேவாலயத்தில் அவர் பேசியது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வாக எழுதச் சொன்னார். வரிப்பணம் போன வழியைத் துருவியபோது ஆங்கில ஆட்சியின் சுரண்டல் அவருக்குப் புலப்பட்டது. 1929-ல் நாடு திரும்பிக் காந்தியைச் சந்தித்தார். கோட்டு, சூட்டை விட்டுக் கதருக்கு மாறி, கிராமத் தொழில்களுக்கே வாழ்நாளைக் கொடுத்தார்.

நம்பிக்கை: ஒரே இடத்தில் படித்தவர்கள் ஒரே மாதிரி நினைப்பார்கள்.

உண்மை: 1913 முதல் 1916 வரை அதே கொலம்பியாவில், அதே செலிக்மனிடம் படித்தவர் அம்பேத்கர். கிராமம்தான் பொருளாதாரத்தின் அடித்தளம் என்றார் குமரப்பா. சாதிக் கொடுமை குடியிருக்கும் இடம் கிராமம் என்ற அம்பேத்கர், தொழில்மயத்தை ஆதரித்தார். அவரவர் பட்ட பாடுதான் அவரவர் கேள்வியை உருவாக்கியது.

நம்பிக்கை: அமெரிக்காவைப் பற்றிய சீனர்களின் எண்ணம் அரசு சொல்லிக்கொடுத்தது மட்டுமே.

உண்மை: நம்மவர்களைப் போலவே அங்கே படிக்கப் போன சீனர்களின் சொந்த அனுபவத்துக்கும் அதில் பங்குண்டு. கார்னெலிலும் கொலம்பியாவிலும் படித்த ஹூ ஷீ, தத்துவ அறிஞர் டூயியின் மாணவர். கடைசிவரை தாராளவாதியாக இருந்தார். 1938-ல் அமெரிக்காவுக்கான சீனத் தூதரானார். 1935-ல் அமெரிக்கா சென்ற ராக்கெட் விஞ்ஞானி சியான் சூசெனுக்கு நேர்ந்தது வேறு. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் 1950 முதல் ஐந்தாண்டு முடக்கி வைக்கப்பட்டார். 1955-ல் நாடு திரும்பிச் சீன ஏவுகணைத் திட்டத்தை வளர்த்தெடுத்தார்.

போய் வந்தவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது ஒருவரின் அனுபவம். எந்த ஊரில், என்ன வேலையில், யாரோடு இருந்தார் என்று கேளுங்கள். இன்னும் இரண்டு பேரிடமும் விசாரியுங்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டைப் பற்றி முடிவுக்கு வாருங்கள்.