கச்சான் காலத்தில் வளவுப் பூச்செடிகளைப் பேணுதல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடுகின்ற கமக்காரருக்குப் பூச்செடிகளைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் கத்தரிப் பாத்திக்கு நீர் தருகின்ற கிணறே முற்றத்து மல்லிகைக்கும் செவ்வரத்தைக்கும் நீர் தருகின்றது. செவ்வரத்தையில் இன்று தங்குகின்ற பூச்சி நாளை வெண்டியில் ஏறுகின்றது. வயலில் எரித்து வீணாக்கப்படும் வைக்கோலோ இவ்விரண்டுக்கும் வேண்டிய மூடுபடையாகும். ஆகவே வளவுச் செடிகளைச் சரியாகப் பேணத் தெரிந்தவர் கிணற்றையும் தோட்டத்தையும் பேணத் தெரிந்தவராவார்.

காற்றும் மணலும்

எமது கரைக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரையில் வாடைக் காற்றோடு வருகின்றது. அதன் பின்னர், சித்திரை மாதத்தில் விழும் சில மழைகளைத் தவிர, செப்டெம்பர் வரையில் வானத்தை நம்ப முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் நீரைக் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைக் கடந்து கீழிறங்கும்போது சூடேறி உலர்ந்து விடுகின்றது. இதனையே நாம் கச்சான் என்கின்றோம். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இது வீசும் நாட்களில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. இலையிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமற் போகின்றது. இலையின் ஓரம் முதலிற் கருகுவதும், மொட்டுக்கள் விரியாமலே உதிர்வதும் இதனாலேயே ஆகும்.

காற்றுக்கு அடுத்த குறை மண்ணில் உள்ளது. கடலை அடுத்த வளவுகளின் மண் பெரும்பாலும் மணல். களிமண் வயலைப் போன்று அது நீரைப் பிடித்து வைத்திருப்பதில்லை. ஊற்றிய நீரின் பெரும்பகுதி வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். சிறுபோகத்தில் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்கால் வழியாக வயலுக்கு வருமேயன்றி, கரையோர வளவுக்கு வருவதில்லை. எனவே எஞ்சியிருப்பது கிணறு ஒன்றே.

கிணற்றின் இயல்பு

மணலின் அடியில் நன்னீர் ஒரு மெல்லிய வில்லை போன்று உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரைப் பற்றிய பழைய கணக்கு. இக்கணக்கின் மறுபக்கத்தைக் கமக்காரர் கவனித்தல் வேண்டும். பம்பி வைத்து அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தினால், தாழ்ந்த ஒவ்வோர் அடிக்கும் பன்மடங்காக உவர்நீர் கீழிருந்து மேலெழ முயலும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின்னர் இதனை எமது மக்கள் கண்ணாரக் கண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்ற அந்த அலை, கரையோரக் கிணறுகள் பலவற்றை உப்பாக்கியது. கிணற்றைத் துப்புரவாக்கும் நல்லெண்ணத்துடன் மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்ட இடங்களில் உவர் குறைவதற்குப் பதிலாகக் கூடியதும் உண்டு. இறுதியில் மணலைக் கழுவித் தந்தது அடுத்தடுத்து வந்த வாடைமழையே. ஆகவே வரட்சிக் காலத்தில் ஒரே தடவையில் நீண்ட நேரம் பம்பியை ஓட விடாமல், காலையிற் சிறிது, மாலையிற் சிறிதாக இறைத்தல் நன்று. துலாவும் வாளியும் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தமைக்குக் காரணம் நம் முன்னோரின் அறிவு மாத்திரமல்ல, கையின் களைப்புமாகும்.

நீரின் சுவை சற்றே உவர்க்கத் தொடங்கினால் அதனை இலைகளின் மேல் தெளித்தல் ஆகாது. நீர் உலர்ந்த பின் உப்பு இலையில் தங்கி அதனைக் கருக்கிவிடும். அடியில் மாத்திரம் ஊற்றுக. மல்லிகை உவரைத் தாங்காது. அலரியும் போகன்வில்லாவும் ஓரளவு தாங்கும்.

நீர் விடும் முறை

நாள்தோறும் மாலையில் செடியின் மேற்பரப்பு நனையும்படி ஒரு செம்பு நீர் தெளிப்பது எங்கும் காணப்படும் வழக்கம். இது செடிக்கு உதவியாகத் தோன்றினாலும் உண்மையில் தீங்கானது. மேலே ஓர் அங்குலம் மாத்திரம் நனைவதால் வேர்களும் மேலேயே படர்கின்றன. கச்சான் தொடங்கியதும் முதலில் காய்வது அந்த மேல் ஓர் அங்குலமே.

மூன்றடி அகலத்துக்குக் கவிந்து நிற்கும் வளர்ந்த செடி ஒன்றுக்கு, மூன்று நாட்களுக்கு ஒரு முறை 10 தொடக்கம் 15 லீற்றர், அஃதாவது ஒரு வாளி அல்லது ஒன்றரை வாளி நீர் போதுமானது. கடும் வெயிலில் நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் வெளியேறுகின்றது. மூன்று நாட்களில் அது 15 மில்லிமீற்றராகும். மேற்கூறிய வாளிக்கணக்கு இதனை ஈடுசெய்வதே. வாரத்துக்கு ஒரு முறை மும்மடங்காக ஊற்றிவிடலாம் என்று எண்ணுவது களிமண்ணுக்குப் பொருந்தக்கூடும். மணலுக்குப் பொருந்தாது. மிகுதி நீர் கீழே ஓடிவிடும்.

நீரைத் தண்டின் அருகில் ஊற்றாமல், கிளைகளின் நுனி நிழல் விழும் வட்டத்தில் ஊற்றுதல் வேண்டும். உறிஞ்சும் வேர்கள் அங்கேயே உள்ளன. அவ்வட்டத்தில் நான்கு அங்குல உயரமான சிறு வரம்பு கட்டிக்கொண்டால் நீர் வழிந்தோடாது. நண்பகலில் இலை வாடியிருப்பதைக் கண்டு வாளியைத் தூக்க வேண்டியதில்லை. மாலையில் அது தானாக நிமிர்ந்து விட்டால் செடிக்குக் குறையொன்றுமில்லை. விடியற்காலையிலும் இலை தொங்கி இருந்தாலே நீர் தேவை என்று கொள்க. ஐயமிருப்பின் மூன்று அங்குல ஆழத்துக்கு விரலால் மணலைக் கிளறிப் பார்க்கலாம். அங்கே ஈரம் பட்டால் அன்று விட்டுவிடுக.

வீட்டில் வுழூச் செய்யும் நீர் இவ்வூர்களில் நாளுக்கு ஐந்து தடவை தவறாமற் கிடைப்பது. சவர்க்காரம் கலவாத இந்நீரை ஒரு சிறு வாய்க்கால் வழியாகவோ குழாய் வழியாகவோ மல்லிகைப் பந்தலின் அடிக்குச் செலுத்தினால், கிணற்றைத் தொடாமலே இரண்டு மூன்று செடிகளைக் காப்பாற்றலாம். அரிசி கழுவிய நீரும் நல்லது. ஆனால் உடுப்புத் துவைத்த நீரை வேண்டாம். அதிலுள்ள உப்புக்கள் நாளடைவில் மண்ணிற் சேர்ந்து வேரைப் பாதிக்கும்.

வைக்கோலும் பொச்சும்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வயல்வெளியில் வைக்கோலுக்குத் தீயிடும் புகையை ஆண்டுதோறும் காண்கின்றோம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே உள்ளது. மிகுதியை வயலிலேயே பரப்புவது முதற் கடமை. அதிலிருந்து ஒரு வண்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தால் வளவு முழுவதற்கும் போதும்.

செடியைச் சுற்றி நான்கு அங்குலத் தடிப்புக்கு வைக்கோலைப் பரப்புக. தண்டைத் தொடாமல் மூன்று அங்குல இடைவெளி விடுதல் அவசியம். அல்லாவிடின் கறையான் தண்டில் ஏறும். காற்று அள்ளிச் செல்லாதபடி மேலே சில தென்னோலைகளை வைக்கலாம். மூடுபடை இட்ட மண்ணையும் இடாத மண்ணையும் ஒரே நண்பகலில் தொட்டுப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

புதிதாக நடுபவர்கள் இன்னொன்றைச் செய்யலாம். இரண்டடி ஆழக் குழியின் அடியில் தென்னம் பொச்சுக்களை, குழிவான பக்கம் மேல்நோக்கியிருக்க, இரண்டு வரிசைகளாக அடுக்கி, இடையிடையே மண்ணும் மக்கிய சாண எருவும் இட்டு நிரப்புக. பொச்சின் தும்புத்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மணல் வளவில் இதற்கு நிகரான மலிவான நீர்த்தொட்டி வேறில்லை. நடுகைக்கு உரிய காலம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களே. பங்குனியில் நட்டுவிட்டு ஆனி முழுதும் நீர் சுமப்பது வீண் உழைப்பு.

காற்றுத் தடுப்பும் கத்தரித்தலும்

வளவின் மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலி அல்லது சீமைக்கிளுவை வேலி ஒன்று இருப்பின் கச்சானின் வேகம் தணியும். மதிலைவிடச் சந்துகள் உள்ள வேலியே சிறந்தது. மதிலில் மோதிய காற்று மேலேறி மறுபக்கத்தில் சுழன்று விழும். வேலியினூடாக வடிந்து வரும் காற்றோ வேகம் குறைந்து வரும். வேலியின் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை இதன் பயன் தெரியும். அந்நிழலில் மிளகாய் நாற்றுமேடையையும் அமைத்துக்கொள்ளலாம்.

கோடையில் செடிகளை ஒட்ட வெட்டுதல் பெரும் தவறு. வெட்டியவுடன் இளந்தளிர் கிளம்பும். அத்தளிரை வெயில் சுட்டுவிடும். அதுவரை நிழலில் இருந்த பட்டையும் வெடிக்கும். மல்லிகையை மழை முடியும் தறுவாயில், தை அல்லது மாசியில் கத்தரிக்க வேண்டும். செவ்வரத்தையையும் நந்தியாவட்டையையும் ஒக்டோபர் மழையுடன் வெட்டலாம். கோடையில் காய்ந்த குச்சிகளையும் நோயுற்ற கிளைகளையும் மாத்திரம் நீக்குக. மருதோன்றி இதற்கு விலக்கு. வரட்சிக்கு அஞ்சாத இச்செடி, பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் எவ்வளவு இலை உருவினாலும் மீண்டும் துளிர்க்கும். கிணறு வற்றும் வளவில் எதை நடுவது என்று கேட்பவருக்கு முதலிற் கூறத்தக்க பெயர் இதுவே. போகன்வில்லாவுக்கு நீர் குறைந்தாலே பூப் பெருகும். அதற்கு அன்பு காட்டி நீரூற்றுவோர் இலையை மாத்திரமே காண்பர்.

அலரி வரட்சியைத் தாங்குமெனினும், அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. வெட்டிய கிளைகளை ஆடு மாடுகள் எட்டும் இடத்தில் எறிதலாகாது. குர்பானுக்காக வளர்க்கும் கிடாய்கள் கட்டப்பட்டிருக்கும் வளவுகளில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. சிறுவர் விளையாடும் இடத்திலும் அலரியை நடாதிருப்பதே நன்று.

வரண்ட மண்ணில் யூரியா இடுவதால் வேர் கருகும். நீரோடு இட்டாலோ மணலின் வழியே நைத்திரேற்றாகக் கிணற்றை அடையும். அந்நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. கூட்டெருவை மழை தொடங்கும்போது இட்டால் கோடையில் வேறு பசளை எதுவும் வேண்டியதில்லை.

வெண்டிக்கும் செவ்வரத்தைக்கும் பொதுவான பகைகள்

செவ்வரத்தையும் வெண்டியும் ஒரே குடும்பத்துச் செடிகள். வெண் ஈயும் வெண்மூட்டுப் பூச்சியும் இரண்டையும் நாடும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி, பப்பாசியோடு நில்லாமல் செவ்வரத்தையையும் தாக்கியது. அடுத்த ஆண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதனை அடக்கின. மருந்து தெளித்து அக்குளவிகளையும் கொன்றவர்களுக்குப் பூச்சி திரும்பி வந்தது.

வெண்பஞ்சு போன்ற படலத்தைக் கிளை நுனியில் கண்டவுடன் அந்நுனியை நறுக்கி எரித்துவிடுக. எறும்புகள் தண்டில் ஏறி இறங்கினால் அதுவும் ஓர் அறிகுறி. எறும்பே இப்பூச்சியைக் காவல் செய்கின்றது. இலையின் அடியில் நுண்ணிய வலையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தோன்றினால் சிற்றுண்ணி என்று அறிக. வரட்சியும் புழுதியும் இதற்கு விருந்து. நல்ல நீரை மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி வேகமாகப் பீச்சினாலே பெரிதும் குறையும். அதற்கும் அடங்காவிடின், இடித்த வேப்பம் விதை 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்துத் தெளிக்கலாம். வயலுக்கு வாங்கிய பீடைநாசினியின் மீதியை முற்றத்துச் செடிக்கு அடிப்பதை அடியோடு விடுக. அந்தப் பூவைக் குழந்தை கையில் எடுக்கும். அந்த மணலுக்குக் கீழேயே குடிநீரும் உள்ளது. ஐயமிருப்பின் கிளையொன்றை மூடிய பையில் இட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.

நீர் போதாத ஆண்டில்

சித்திரை மழை பொய்த்து, ஜூலையில் கிணற்றின் அடி தெரியும் ஆண்டுகளும் வரும். அப்போது எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாக ஊற்றி எல்லாவற்றையும் இழப்பதைவிட, வரிசை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். குடிநீர் முதலாவது. காய்த்து நிற்கும் கத்தரியும் மிளகாயும் அடுத்தவை. ஓராண்டு நிரம்பாத பூங்கன்றுகளின் வேர் ஆழமில்லாதது. அவை மூன்றாவது. அவற்றுக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாய்த்து வைத்தால் அரை வாளியே போதும். முற்றிய மல்லிகையும் செவ்வரத்தையும் கடைசியில் நிற்கலாம். அவை இலையை உதிர்த்துக் குச்சியாய் நின்றாலும் மனந்தளர்ந்து பிடுங்கி விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு வாளியும் தடித்த மூடுபடையும் இருந்தால் வேர் உயிரோடிருக்கும். நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்க்குக. உள்ளே பச்சை தெரிந்தால் ஒக்டோபர் மழைக்கு அது தளிர்க்கும்.