வேட்டி மடிப்பும் நகராத மேகமும்
(கேள்வி-பதில் பகுதி)

கேள்வி: அனிமே படங்களில் இலை இலையாக, புல் புல்லாகத் தெரிகிறதே! நொடிக்கு 24 ஓவியங்களையும் இப்படித்தான் இழைத்து வரைகிறார்களா? இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? (தேவாரம் வாசகர்)

பதில்: திரையில் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுவது உண்மை. 24 ஓவியங்கள் ஓடுகின்றன என்பது ரசிகர்களின் பக்தி. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயில் ஓர் ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். ஆக, நொடிக்கு எட்டு. நாயகன் பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றால் ஒன்றே போதும். அனிமே நாயகர்கள் அவ்வளவு நேரம் முறைப்பதற்கு வீரம் மட்டும் காரணமில்லை.

இந்தச் சிக்கனத்தை ஊரறியச் செய்தவர் ஒசாமு தெசுகா. அவருடைய ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடர் 1963 ஜனவரி 1 அன்று தொடங்கியது. வாரம் தவறாமல் அரைமணி நேரப் படம் தர வேண்டும். பணமும் ஆளும் போதாது. வாயை மட்டும் அசைத்தார்கள், வரைந்ததையே எடுத்து மறுபடியும் ஓட்டினார்கள்.

இத்தனை சிக்கனத்திலும் நுணுக்கம் குடியிருப்பது பின்னணி ஓவியத்தில். அசையும் சட்டையில் ஒரு பொத்தானைக் கூட்டினால், அதே பொத்தானை நூற்றுக்கணக்கான தாள்களில் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். பின்னணியோ அசையாது, ஒரு முறை வரைந்தால் முடிந்தது. அதனால்தான் நாயகனின் சட்டை மொட்டையாகவும், அவனுக்குப் பின்னால் இருக்கும் வேலி செழிப்பாகவும் இருக்கிறது. 1988-இல் வந்த ‘மை நெய்பர் டோட்டோரோ’ படத்தின் கலை இயக்குநர் கஸுவோ ஓகா. அதில் வரும் காடும் வயலும் போஸ்டர் கலரில் தீட்டியவை. பள்ளி ஓவியப் போட்டிக்குப் பிள்ளைகள் எடுத்துப்போகும் அதே வகை வண்ணம்.

பின்னணியில் நிற்கும் அனிமே மேகத்தைச் சோதித்துப் பார்க்கத் தேவாரத்தாருக்குத் தியேட்டர் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கே மலையைப் பார்த்தால் போதும். மேகத்தின் மேல்விளிம்பு வெட்டிவைத்தாற்போல் பளிச்சென்றிருக்கும், அடிவிளிம்பு சரிவில் கரைந்து எது புகை எது மரம் என்று தெரியாது. நிழல் கறுப்பாக இராது; நீலமோ ஊதாவோ கலந்திருக்கும். நல்ல ஓவியர் இந்த மூன்றையும் விடமாட்டார்.

அசைவில் சிக்கனம் என்ற விதிக்கு விலக்கும் உண்டு. ஹயாவோ மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ (2013) படத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் கூட்டம் அலைமோதும் காட்சி ஒன்று. அந்த நான்கு நொடிக்கு ஓர் ஓவியர் ஓராண்டு மூன்று மாதம் உழைத்தார். அதற்குள் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகமும் அறுத்து, அடுத்த நாற்றும் பாவியிருக்கலாம்.

கேள்வி: ஜப்பானியர் எடுத்த ராமாயண அனிமேவுக்கு இந்தியாவில் தடை போட்டார்களாமே?

பதில்: தடை இல்லை. எதிர்ப்பும் அரசின் தயக்கமும் இருந்தன. படம் ஜப்பானில் உருவானது. 1993-இல் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2025 ஜனவரி 24 அன்று தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. இதைவிடச் சுவையான சங்கதி வேட்டி.

ராமாயண அகழாய்வு பற்றிய ஆவணப்படத்துக்காக 1983-இல் இந்தியா வந்த ஜப்பானியப் படைப்பாளர் யூகோ சாகோ, காவியத்தில் சொக்கிப்போனார். ஜப்பானிய மொழியில் மட்டும் பத்து ராமாயணங்களைப் படித்தார். அவரோடு கொயிச்சி சசாகியும் இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகனும் சேர்ந்து இந்தப் படத்தை இயக்கினர். ஜப்பானிய ஓவியர்களுக்குக் கிமோனோ தெரியும், வேட்டி தெரியாது. அதை எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவது என்றெல்லாம் இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நடக்கும்போது கால் முன்னே போகும், கொசுவம் அரைக்கணம் பின்தங்கி வந்து சேரும். படம் பார்ப்பவர் ராமனின் முகத்தை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே பார்த்தால் ஓவியரின் பாடு தெரியும்.

போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவரிலும் ராமாயணக் காட்சிகள் உண்டு. சுவர் ஓவியருக்கு ஒரு சௌகரியம்: அவருடைய ராமன் நடக்க வேண்டியதில்லை. ஆகவே ஆடையில் எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாம்.

கேள்வி: பழைய அனிமேயில் மட்டும் நிறம் ஏன் அப்படி அழுத்தமாக, சமமாக இருக்கிறது?

பதில்: ‘செல்’தான் காரணம். செல் என்றதும் சட்டைப்பையைத் தடவ வேண்டாம். இது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் 1915-இல் காப்புரிமை வாங்கிய முறை. கோடு தாளின் முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். முன்னாலிருந்து பார்த்தால் தூரிகைத் தடமே இராது. திருப்பிப் பார்த்தால் திட்டுத்திட்டாக, அவசரத்தில் பூசிய சுண்ணாம்பு போலிருக்கும்.

இது தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்பது இப்பகுதியின் அசையாத நம்பிக்கை. அங்கும் வண்ணம் பின்னால், பார்வை முன்னால். கண்ணாடியில் கோடும் பின்பக்கமே என்பதால் ஓவியர் இடவலம் மாற்றி வரைவார். கண், நகை முதலில், பின்னணி கடைசியில். செல் ஓவியருக்கு அந்தத் தலைகீழ்ப் பாடம் இல்லை. வேறொரு தலைவலி உண்டு: செல் முழுக்கத் தெளிவானதல்ல. நாலைந்தை அடுக்கினால் அடியில் இருப்பதன் நிறம் மங்கும். உடம்பு ஒரு தாளிலும் கை மேல்தாளிலும் இருந்தால், இரண்டின் தோல்நிறமும் ஒன்றாகத் தெரிய வண்ணத்தை வேறுவேறாகக் கலக்க வேண்டும். நீண்டகாலத் தொடரான ‘சசாயே-சான்’ 2013 வரை செல்லை விடவில்லை. மற்றவர்கள் அதற்கு வெகு முன்பே கணினிக்குப் போய்விட்டார்கள்.

கேள்வி: ‘ஷின்-சான்’ அனிமேயில் இந்த நுணுக்கமெல்லாம் எங்கே?

பதில்: அசைவில். கோடு குறைந்தால் உருவத்தை இஷ்டப்படி வளைக்கலாம். கெய்இச்சி ஹாரா இயக்கிய 2001-ஆம் ஆண்டு ஷின்-சான் திரைப்படத்தில், பையன் கோபுரப் படிகளில் மூச்சுவாங்க ஏறி ஓடுகிறான். விழுகிறான், மூக்கில் ரத்தம், மறுபடியும் ஓடுகிறான். உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்தாற்போன்ற உருவந்தான். பார்ப்பவருக்கு முழங்கால் வலிக்கும்.

கேள்வி: வீட்டில் தாத்தா காலத்துக் கண்ணாடிச் சாமி படம் இருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கேள்வி அனிமேயை விட்டுப் போய்விட்டாலும் பதில் இரண்டுக்கும் பொருந்தும். வண்ணம் பின்னால் இருப்பதால், அட்டையைக் கழற்றித் துடைத்தால் சாமி துணியோடு வந்துவிடுவார். பழைய செல்லிலும் வண்ணம் உரியும். அசிடேட் தாளாக இருந்தால் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதையத் தொடங்கி வினிகர் வாடை அடிக்கும். கண்ணாடியின் முன்பக்கத்தை உலர்ந்த துணியால் மெல்லத் துடைக்கலாம். பின்பக்கத்தைத் தொடக் கூடாது.