அன்னபான நிரோதம்: பசியும் நம் முதல் விரதமும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அவ்விரதத்தைக் குறைபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என அவற்றை உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துரைக்கின்றது. இறுதியில் நிற்பதே அன்னபான நிரோதம். இஃது உழவு மாட்டிற்கு மட்டும் உரியதென எண்ணுதல் பொருந்தாது. நம்மை நம்பி உழைக்கும் மாந்தர்க்கும் உரியதே.

இதனை விளங்கிக்கொள்ள நம் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை நோக்குவோம். வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம் மழைநீர் அரித்த செம்மண் மேட்டுநிலத்தில் அமைந்தது. மானாவாரிப் பயிரும் முந்திரியுமே அப்பகுதியின் பழைய வாழ்வு. 1968 பிப்ரவரி 28 அன்று அருகே ஆரோவில் தோன்றியபின் மரம் நடுதல், கட்டட வேலை, கைத்தொழில் எனப் பிழைப்பு வழிகள் பெருகின.

அரசும் பசி தீர்க்க முயன்றுள்ளது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவும், 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் தொடங்கின. 2011 சூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று பள்ளிக் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று.

ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. புதிய ஒட்டுக்கன்று காய்க்க மூன்று ஆண்டுகளேனும் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் வந்த 'பெஞ்சல்' புயல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. இத்தகைய நாட்களில் நாட்கூலிக் குடும்பத்தின் வருவாய் நின்றுவிடுகிறது. பானையில் அரிசி இருந்தாலும் பருப்பும் பாலும் காய்கறியும் கடனுக்கே வரவேண்டும். கடன் ஏற ஏற, அடுத்த மாதக் கூலியும் முன்னதாகவே கரைந்துவிடும். இன்றைய பசியின் உருவம் இதுவே.

எனவே கூலியும் உணவும் வேறல்ல. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் நிலமுடைய நம்மவர் பலர். உழைத்தவர் கூலியைக் குறைப்பதும், நாளை நாளை என்று கடத்துவதும் அவர் வீட்டு அடுப்பை அணைப்பதேயாகும். இரவுணவு தவிர்த்து விரதம் காக்கும் நாம், பிறர் இரவுணவின்றிப் படுக்கக் காரணமாதல் தகுமோ?

பாத்திரமறிந்து அளிக்கும் தானம் ஒன்று. துன்புறும் எவ்வுயிர்க்கும் அளிக்கும் கருணா தானம் மற்றொன்று. விழா நாளில் அன்னமிடுதல் நன்று. அதனினும் முதற்கண் செய்யத்தக்கது உரிய கூலியை அன்றே கொடுத்தல். அது தானமன்று, கடமை. கடமை முடித்தபின் அளிப்பதே தானம்.

வீட்டில் கலந்து சிந்திக்க:

1. கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை?

2. நம் நிலத்தில் உழைப்போர்க்கு வேலையற்ற மாதங்கள் எவை? அப்போது நாம் செய்யத்தக்கது யாது?

3. நம்மிடம் எவருடைய கூலியேனும் நிலுவையில் உள்ளதா?