எதிரே இன்னொரு நாய்

பூரி குரைப்பதற்கு முன் வாயை மூடுவாள். அதுவரை நாக்கைத் தொங்கப்போட்டு, நிறுத்தியிருக்கிற ஒவ்வொரு ஸ்கூட்டர் டயரிலும் சேதி படித்துக்கொண்டு வந்தவள், சட்டென்று வாயை மூடிக் காதை நிமிர்த்தி நிற்பாள். உடம்பின் எடை முன்னங்காலுக்குப் போகும். வால் விறைக்கும். மூன்று நான்கு நொடிதான். பிறகு பதினெட்டு கிலோ நாய் வாரின் முனையில் இரண்டு காலில் நின்று கத்தும்; மாடி ஜன்னல்கள் திறக்கும்; "கடிக்குமா?" என்று யாராவது கேட்பார்கள்.

பூரிக்கு அம்மா சிப்பிப்பாறை. அப்பா யாரென்று மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவுக்கே தெரியும். மனிதர்களிடம் வெல்லக்கட்டி. இன்னொரு நாயைக் கண்டால் மட்டும் இப்படி. இந்தக் குணமுள்ள நாயோடு சென்னையில் நடக்கப் போகிறவர் செருப்பு மாட்டுவதற்குள் ஏழெட்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த நேரம், எந்தத் தெரு, எந்தப் பட்டை, எதிரே வந்தால் நிற்பதா திரும்புவதா? மூன்று வருடத்தில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன். இது இரண்டு நாய்களுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுமா, குறைக்குமா? பூரிக்கு அந்த எல்லை ஏறக்குறைய ஐம்பது அடி. அதற்கு அப்பால் ஒரு நாய் நின்றால் பார்ப்பாள், மோப்பம் பிடிப்பாள், நான் நீட்டும் கோழி ஈரலை வாங்கிக்கொள்வாள். அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஈரலைக் காலடியில் போட்டாலும் தெரியாது. சாப்பிடாத நாய்க்குப் பாடம் ஏறாது. உங்கள் நாயின் எல்லை எத்தனை அடி என்று முதலில் பார்த்து வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கூடவே இன்னொன்று. பாய்கிற நாய்கள் எல்லாம் ஒரே காரணத்துக்காகப் பாய்வதில்லை. பயந்து, "போ, போ" என்று விரட்டுகிறவை உண்டு. விளையாடப் போகவேண்டும், வார் விடவில்லை என்கிற ஆத்திரத்தில் கத்துகிறவை உண்டு. இரண்டாவது வகை, கட்டில்லாத இடத்தில் நாய்களோடு சாதாரணமாகப் பழகும். முதல் வகை அங்கேயும் மூலையில் ஒண்டும், அல்லது சீறும். குட்டிக்கு மூன்றிலிருந்து பதினான்கு வாரம் வரைதான் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். நம் ஊரில் பார்வோ நோய்க்குப் பயந்து அந்த வாரங்களைத்தான் வீட்டுக்குள் பூட்டி வைத்துவிடுகிறோம். தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டியிருக்கலாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் பயிற்சியாளரைத் தேடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதில் சீழ், இடுப்பு வலி, பல் வலி எல்லாம் குரைப்பாகத்தான் வெளியே வரும்.

விடியற்காலையா, வெயில் ஏறியா?

வெளிநாட்டுப் புத்தகங்கள் ஒரே குரலில் சொல்வது, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் போ என்பது. நானும் நாலரை மணிக்கு எழுந்து ஒரு மாதம் போனேன். அந்த அறிவுரை தெருநாய் இல்லாத ஊருக்கு எழுதியது. நம் தெருவில் ஆள் இல்லாத நேரம் நாய்களின் நேரம். இரவு பதினொன்றுக்கும் விடிகாலை ஐந்துக்கும் இடையே அவை நடுரோட்டில் உட்கார்ந்து ஆட்சி செய்கின்றன. பால் வண்டி, பேப்பர் பையன், பள்ளி வேன் எல்லாம் கிளம்பிய பிறகு, ஏழரை மணி வாக்கில், அதே நாய்கள் காருக்கு அடியில் சுருண்டு படுத்துவிடும்.

ஆகவே கார்த்திகையிலிருந்து மாசி வரை ஏழரைக்குப் போகிறேன். சித்திரை வைகாசியில் அது முடியாது. எட்டரை மணிக்கே தார் ரோடு கொதிக்கத் தொடங்கும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. அப்போது ஆறரைக்கு, நிழல் விழுகிற பக்கமாக, சின்ன நடை. தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள் வருகிற நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு அரை மணி முன்னும் பின்னும் அவர்கள் நிற்கிற முனையைத் தவிர்ப்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தும். ஒரு வாரம் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் நடந்து பார்த்தால் தெருவின் கால அட்டவணை கைக்கு வந்துவிடும்.

இடம் என்று பார்த்தால் குறுகலான தெரு மோசம், ஆனால் தெரிந்த தெரு. நிறுத்தியிருக்கிற கார்கள்தான் அங்கே நமக்குக் கிடைக்கும் சுவர். கடற்கரையில் தூரம் தாராளம். ஆனால் பெசன்ட் நகரில் காலை ஆறு மணிக்கு ஊரிலுள்ள வளர்ப்பு நாய்களில் பாதி அங்கேதான் இருக்கும், அதிலும் பாதி கட்டில்லாமல். ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டைப் பக்கம் காலியாக இருக்கும் என்று நம்பிப் போய்விடாதீர்கள். காவலாளிகள் சோறு போட்டு வளர்த்த நாய்க்கூட்டம் வாசலுக்கு வாசல் இருக்கும். அந்நியரைக் கண்டு பழக்கமில்லாத கூட்டம். எனக்கு மூன்றில் தெருதான் பிடிக்கும். எந்த வீட்டு கேட் திறந்திருக்கும், எங்கே சந்து திரும்பும் என்று கால் அறியும்.

போகாமலே இருந்தால்?

அதுவும் ஒரு வழிதான்; பலரும் ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிற வழி. நேற்று இரண்டு முறை சண்டையாகிவிட்டது என்றால் இன்று பூரிக்குத் தெரு கிடையாது. அந்தப் படபடப்பு அன்றோடு இறங்கிவிடுவதில்லை. மறுநாள் பூனையைப் பார்த்தால்கூடப் பாய்வாள். மொட்டை மாடியில் பழைய துண்டைச் சுருட்டி, உள்ளே தீனியைத் தூவி முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் இருபது நிமிடம் மூக்கால் வேலை பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். நாய்க்கு நடையில் பாதி மோப்பம்தான். வெளிக்குப் போக மட்டும் வாசல் வரை கூட்டிப்போய் வந்தால் போதும். மாதக்கணக்கில் வீட்டோடு கட்டிப்போடுவது வேறு. அது நாயைக் கெடுக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் லீவு யாரையும் கெடுக்காது.

கழுத்தில் எது?

இங்கேதான் காசு வீணாகிறது. சாதாரணக் கழுத்துப்பட்டை இழுக்கிற நாய்க்குத் தொண்டையை நெரிக்கும். இன்னொரு நாயைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மூச்சு முட்டினால் அந்த நாயின் மேல்தான் வெறுப்பு ஏறும். சிப்பிப்பாறை, கன்னி வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. தலை கழுத்தைவிடப் பெரிதாக இல்லை. பின்னுக்கு இழுத்தால் பட்டை காதைத் தாண்டி வழுக்கிக் கழன்றுவிடும். பூரி ஒரு முறை அப்படிக் கழன்று, எதிரே வந்த லாப்ரடாருக்கு நேராகப் போய் நின்றாள். கடிக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த நாள் மறக்காது. இந்த இனங்களுக்கு இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகி நிற்கிற மார்ட்டிங்கேல் பட்டை பாதுகாப்பு.

ஹார்னஸில் முதுகில் மாட்டுவது இழுக்க வசதி செய்து கொடுக்கும். வண்டிக்குதிரை மாதிரி நெஞ்சைக் கொடுத்து இழுப்பாள். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ளதில் மாட்டினால் பாயும்போது உடம்பு தானாக உங்கள் பக்கம் திரும்பும். நான் இரண்டு முனையிலும் கொக்கி உள்ள வாரில் ஒரு முனையை நெஞ்சு வளையத்திலும் இன்னொன்றை மார்ட்டிங்கேலிலும் மாட்டுகிறேன். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். மூக்கைச் சுற்றி மாட்டுகிற தலைவார் கட்டுப்பாடு தரும், ஆனால் பாய்கிற நாயின் கழுத்தை முறுக்கிவிடும். பழக்கிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் நீளுகிற டேப் வாரை இந்த வகை நாய்க்கு வாங்கவே வாங்காதீர்கள். ஆறடித் துணி வார் போதும்.

வாய்க்கூடு பற்றி நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். போரடிக்கும் மாட்டுக்குப் போட்டால் யாரும் மாட்டைக் கெட்டதென்று சொன்னதில்லை. கூடை மாதிரி இடைவெளி விட்ட வகையை மட்டும் வாங்குங்கள். அதற்குள் நாய் வாய் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகை நம் வெயிலில் ஆபத்து, ஏனென்றால் நாய் உடல் சூட்டை ஆற்றிக்கொள்வது பெரும்பாலும் இரைப்பில்தான். வீட்டிலேயே கூடைக்குள் தயிர் தடவி இரண்டு வாரம் பழக்கியபின் தெருவுக்குக் கொண்டுபோனால் காலால் பிய்த்து எறியாது. ஏற்கெனவே ஒரு முறை கடித்த நாய்க்கு இது கட்டாயம் என்பேன். நாய் ஆபத்து விளைவிக்கும் என்று தெரிந்தும் கவனக்குறைவாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே உண்டு.

நெரிக்கும் சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த பட்டை, ஷாக் பட்டை மூன்றையும் நான் பேச்சுக்கே எடுப்பதில்லை. குரைப்பு நிற்கும், பயம் நிற்காது. முன்னறிவிப்பில்லாமல் கடிக்கிற நாய் அப்படித்தான் உருவாகிறது. 2020இல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகளும் உமிழ்நீரில் கார்டிசாலும் கூடுதலாக இருந்தன. வேல்ஸ் 2010இலேயே ஷாக் பட்டையைத் தடை செய்துவிட்டது. "பத்து நாளில் சரிசெய்து தருகிறேன், நீங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது" என்று சொன்ன பயிற்சியாளர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்தவள் நான். ஆறாவது நாள் போய்ப் பார்த்துவிட்டுக் கூட்டிவந்துவிட்டேன். நீங்கள் பார்க்கக் கூடாத பயிற்சி எதுவும் உங்கள் நாய்க்கு வேண்டாம்.

நிற்பதா, திரும்புவதா?

தெரு அகலமாக இருந்து, நாய் இன்னும் எல்லைக்கு வெளியே இருந்தால் நிற்கலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் லெஸ்லி மெக்டெவிட் 2007இல் எழுதிய புத்தகத்தில் பிரபலமாக்கிய விளையாட்டு ஒன்று உண்டு. நாய் மற்ற நாயைப் பார்க்கிறதா? பார்த்த அந்தக் கணம் "ஆஹா" என்று ஒரு சொல், உடனே வாயில் ஒரு துண்டு. பார்க்காதே என்பதில்லை, பார், பார்த்தால் ஈரல். சில வாரத்தில் மற்ற நாயைக் கண்டதும் பூரி திரும்பி என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பட்டாணி அளவு துண்டுதான் வேண்டும், ஆனால் வீட்டில் கிடைக்காத பண்டமாக இருக்க வேண்டும். வேகவைத்த ஈரலுக்கு முன்னால் கடை பிஸ்கட் எடுபடாது.

எல்லைக்குள் வந்துவிட்டால் பாடம் நடத்தாதீர்கள். திரும்புங்கள். "போலாம்" என்ற சொல்லுக்கு அப்படியே வட்டமடித்து எதிர்த்திசையில் நடக்க, நாய் எதுவும் இல்லாத நேரத்தில், வீட்டுக் கூடத்தில், ஐம்பது தடவை பழக்கியிருக்க வேண்டும். வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்வது நம் எல்லோருக்கும் வரும் பழக்கம். நாய்க்கு நம் சொல் புரியாது, இறுக்கம் புரியும். திரும்ப வழியில்லையா? இரண்டு கார்களுக்கு நடுவே ஒதுங்கித் தரையில் ஒரு பிடி தீனியைத் தூவிவிடுங்கள். தலை குனிந்து தேடுகிற நாய் முறைத்துப் பார்க்க முடியாது.

தெருநாய்கள்

வளர்ப்பு நாய் என்றால் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், கையைக் காட்டலாம். தெருநாய் தானாக வரும். இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது குனிந்து கல் எடுப்பது போல் பாவனை. அவை ஓடும், உண்மை. ஆனால் நாய் வந்தால் எஜமானிக்கே கோபம் வருகிறது என்று பூரியும் பார்த்துக்கொள்கிறாள். பிஸ்கட்டைத் தூர வீசினால் அன்றைக்குப் பிழைத்தோம். நாளையிலிருந்து அந்தக் கூட்டம் நமக்காகவே காத்திருக்கும். குச்சி கையில் இருந்தால் ஓங்கத் தோன்றும்.

எனக்குக் கைகொடுத்தது குடை. சடாரென்று விரித்தால் அவை இரண்டடி பின்வாங்கும், அதைவிட முக்கியம், பூரிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு திரை விழும். (வீட்டில் முதலில் விரித்துப் பழக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாய்தான் ஓடும்.) ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், வாரைத் தளர்த்திப் பக்கவாட்டில் நகர்ந்து செல்லுங்கள். கூட்டம் தன் எல்லை முடிகிற இடம்வரை குரைத்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு நின்றுவிடும். எங்கள் தெருவில் அந்த எல்லை ஓர் இஸ்திரி வண்டி. வண்டிக்கு நாற்பதடி முன்னாலேயே சாலையைக் கடந்துவிட்டால் பாதி நாள் அவை எழுந்திருப்பதே இல்லை.

இதைவிட நல்ல வழி மெதுவானது. பூரி இல்லாமல் தனியாகப் போய், கூட்டத்தில் மூத்த நாயோடு பழகினேன். காது நுனியில் வெட்டுத் தழும்பு இருந்தால் கருத்தடை செய்து வெறிநோய் ஊசியும் போட்டுத் திரும்ப விட்ட நாய் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பழைய கூட்டம் பெரும்பாலும் அமைதியானது. புதிதாக வந்து சேர்ந்த இளவட்டங்கள்தான் வம்பு. சோறு வைக்கும் அக்காவிடம் நாலு வார்த்தை பேசினால் எது எப்படி என்று ஜாதகமே கிடைக்கும்.

எவ்வளவு பார்த்தும் ஒரு நாள் பல் பட்டுவிடலாம். உங்கள் மேல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். நாய்க்குப் பட்டால், ஆண்டு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, கட்டில்லாத வளர்ப்பு நாயோடு வந்து, "எங்க டாமி ஒண்ணும் பண்ணாதுங்க" என்று தூரத்திலிருந்தே சிரிக்கிறவர். அவரிடம் என்ன சொல்லலாம் என்று எல்லாம் முயன்று பார்த்தேன். "கொஞ்சம் கட்டிக்கோங்க சார்" என்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். "எங்களுது பண்ணுங்க" என்றால், "பழகட்டும் விடுங்க மேடம்" என்று இன்னும் நெருங்குவார். இப்போதெல்லாம் அறுபதடி இருக்கும்போதே, "சார், இவளுக்குச் சொறி, ஒட்டிக்கும்!" என்று கத்துகிறேன். பூரிக்குச் சொறி இருந்ததே இல்லை. டாமி அடுத்த நொடி தோளில் இருக்கும்.